சிவப்பு வந்தால் ஜீப்பு

பழைய வண்டி வாங்கப் போகிறவன் மூன்று பேரை நம்பக் கூடாது. விற்கிறவன், தரகன், கட்டின பெண்டாட்டி. முதல் இரண்டு பேரைப் பற்றி எனக்கு முன்னமே தெரியும்.

எங்கள் ஊர் கொடைக்கானலுக்கு மேற்கே, பஸ் வந்து திரும்புகிற கடைசி ஊர். பூண்டுதான் வெள்ளாமை. அந்த வருசம் பூண்டு நன்றாக விளைந்தது. வீட்டிலும் கல்யாணமாகி ஒன்பது வருசம் கழித்து ஒரு பெண்பிள்ளை விளைந்தது. என் வீட்டுக்காரி காளியாயி, தாய்வீடான பாச்சலூரில் பெற்று, ஐந்தாம் மாதம் பிள்ளையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். பஸ்ஸுக்குக் கண்ணாடி கிடையாது, படுதாதான். வந்த அன்றைக்கே பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டி, பூனை மாதிரி கர்கர் என்றது. கொடைக்கானல் டாக்டரம்மா, "மாசம் ஒருக்கா கொண்டாந்து காட்டணும். ஆனா குளிர்காத்து படவே கூடாது" என்று சொல்லிவிட்டார்.

"பிள்ளைக்கு ஒரு வண்டி வாங்கணுமுங்க" என்றாள் காளியாயி.

"வாங்கிட்டாப் போச்சு" என்றேன்.

கேட்டவுடனே நான் சரியென்றதில் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "என்ன வண்டி?"

"ஜீப்பு."

உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது. தாண்டிக்குடியில் காப்பித் தோட்டம் வைத்திருக்கிற சேனாதிபதி, ஜீப்பில் சந்தைக்கு வந்து இறங்கினால் பத்துப் பேர் எழுந்து நிற்பார்கள். நான் பஸ்ஸில் வந்து இறங்கினால் கோழிகூட நகராது. அந்தச் சேனாதிபதி புது ஜீப்பு எடுத்துக்கொண்டு பழசைத் தள்ளப் போகிறார் என்று சேதி வந்திருந்தது.

"ஜீப்புக்குக் கதவு இருக்கா?"

"கதவு எதுக்கு? ஏறுறதுக்கு எடம் இருக்குல்ல."

"காத்து அடிக்குமே."

"இந்தப் பக்கம் வர்ற காத்து அந்தப் பக்கமாப் போயிரும் புள்ள. உள்ள தங்காது."

"பிள்ளையும் அந்தப் பக்கமாப் போயிராம இருந்தாச் சரி."

அவள் ஒரு வண்டியைக் கேள்விப்பட்டு வைத்திருந்தாள். கொடைக்கானலில் பள்ளிக்கூடம் நடத்திய ஒரு வெள்ளைக்கார டீச்சரம்மா சொந்தச் சீமைக்குத் திரும்பிப் போகிறாள். அவளுடைய சின்னக் காரை, டாக்ஸி ஓட்டுகிற வேலுமணி விற்றுக் கொடுக்கிறான். நாலு கதவு, நாலு கண்ணாடி, இழுத்துச் சாத்தினால் உள்ளே எறும்புக்குக்கூடக் குளிராதாம்.

போய்ப் பார்த்தேன். பார்க்காமல் குறை சொல்லக் கூடாதல்லவா.

பூண்டு மூட்டையில் மேலே பெரிய பூண்டாக அடுக்கி, அடியில் பொடிப் பூண்டைத் தள்ளுகிற சோலியெல்லாம் எனக்கு அத்துப்படி. நானே செய்கிறவன். அதனால் முதலில் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பிறகு சக்கரத்தைக் கட்டைவிரலால் அமுக்கினேன். மெத்தையை முகர்ந்தேன். கதவைப் பிடித்து ஆட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டேன். சொத்தைப் பூண்டு என்றால் உள்ளே கடகடக்கும்.

"அண்ணே, இது காரு" என்றான் வேலுமணி.

"தெரியும்லே. எதுக்கு விக்கிறாங்க?"

"அந்தம்மா ஊருக்குப் போறாங்கண்ணே."

"வண்டியை விக்கிறதுக்காக ஊருக்குப் போறாங்களா?"

"அய்யய்ய! ஞாயித்துக்கெழமை மாதாகோயிலுக்கு மட்டுந்தாண்ணே எடுப்பாங்க."

"மத்த ஆறு நாளும் ஓடாதா?"

"நல்லா ஓடும்ணே. சத்தமே கேக்காது."

"சத்தம் இல்லைன்னா உசிரு இருக்கான்னு எப்படித் தெரியும்?"

"பெயின்ட்டைப் பாருங்க, முகம் பாத்துத் தலை சீவலாம்."

"எதை மறைக்க அடிச்சது?"

வேலுமணி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறிவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் தாண்டிக்குடி போய் ஜீப்பையும் பார்த்தேன். ஒரு விளக்குக்குக் கண்ணாடி இல்லை. கால் வைக்கிற இடத்தில் ஒரு ஓட்டை, கீழே ரோடு தெரிந்தது. தெரிந்தால் நல்லதுதானே, எங்கே போகிறோம் என்று பார்த்துக்கொண்டே போகலாம். முகரவில்லை, அமுக்கவில்லை. ஏறி உட்கார்ந்தேன். பக்கத்தில் மேய்ந்த கழுதை நிமிர்ந்து பார்த்தது. அந்த மரியாதை ஒன்றே போதும்.

மூன்று நாள் வீட்டில் சண்டை. நாலாம் நாள் காளியாயி இறங்கி வந்தாள். "நீங்க ஒண்ணு சொல்றீங்க, நான் ஒண்ணு சொல்றேன். அம்மங்கிட்டப் பூக் கேட்டுருவோம்."

எங்கள் மலையில் அதுதான் கடைசித் தீர்ப்பு. சிவப்புப் பூவை ஒரு இலைப் பொட்டலம், வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். சிவப்பு வந்தால் இது, வெள்ளை வந்தால் அது என்று சன்னிதியில் உரக்கச் சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அதுதான் வாக்கு. பிறகு எவனும் மறுபேச்சுப் பேச முடியாது. பூப் பறித்துக் கட்டுவது வீட்டு ஆம்பிளையின் வேலை. பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, யாரோடும் பேசாமல், தனியாகக் கட்ட வேண்டும்.

தனியாக என்று சொன்னேன், கவனித்தீர்களா?

"சிவப்பு வந்தா ஜீப்பு, வெள்ளை வந்தா காரு" என்றேன்.

"சரிங்க" என்றாள். இவ்வளவு சுளுவாக அவள் சரியென்று சொல்லி நான் பார்த்ததில்லை. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஊரில் எல்லார் மேலும் சந்தேகப்பட்டுப் பட்டு, அன்றைக்குக் கைவசம் இருப்பு இல்லை.

வெள்ளிக்கிழமை வெள்ளனே எழுந்து குளித்தேன். எங்கள் வாசலில் இரண்டு ரோசாச் செடி, காளியாயி வைத்தது. சிவப்புச் செடி அள்ளிக் கொடுக்கும். வெள்ளைச் செடி கஞ்சம், அன்றைக்கு ஒரே ஒரு பூத்தான் பூத்திருந்தது. ஊரில் வேறு வெள்ளை ரோசாவும் கிடையாது. நான் சாமிக்குப் பயந்தவன்தான். ஆனாலும் அம்மன் ஜீப்பில் ஏறிப் பார்த்தவள் இல்லையே. தெரியாமல் ஏதாவது சொல்லிவிட்டால்? இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு ரோசாவையே வைத்து, நார் சுற்றி இறுக்கிக் கட்டினேன். வெள்ளைப் பூ செடியிலேயே கிடந்தது. நேரே கோயிலுக்குப் போய்ப் பொன்னுச்சாமிப் பூசாரி கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் காளியாயி வந்தாள். பிள்ளை பெற்ற உடம்பு அல்லவா, காதோடு தலையோடு கம்பளித் துணி சுற்றி, மூக்கும் கண்ணும் மட்டும் தெரிய நின்றாள். தோளில் போர்த்திய பிள்ளை கர்கர் என்றது.

"யாரு பிள்ளை எடுக்குறது?" என்று பூசாரி கேட்டார்.

"வண்டி யாருக்கோ அவளே எடுக்கட்டும்" என்றாள்.

எடுக்கட்டுமே. எதை எடுத்தால் என்ன!

"அப்ப நீயே சொல்லும்மா. என்ன பூவுக்கு என்ன வாக்கு?"

காளியாயி கண்ணை மூடினாள். கோயில் முழுக்கக் கேட்கச் சொன்னாள். "தாயே! செவப்பு வந்தா காரு. வெள்ளை வந்தா ஜீப்பு."

எனக்குக் குளித்த தண்ணீர் மறுபடியும் தலையில் விழுந்தது.

"ஏ புள்ள! மாத்திச் சொல்றே!"

"மாத்தியா சொல்லிட்டேன்? பரவாயில்லைங்க. ரெண்டு பூவும் உள்ள இருக்குல்ல, எதை எதுக்குச் சொன்னா என்ன?"

"அதானே" என்றார் பூசாரி. என்னையே பார்த்தார். "ரெண்டும் இருக்குல்ல, திருமலைச்சாமி?"

வாயைத் திறந்தேன். இல்லை என்று சொன்னால் அம்மன் விடமாட்டாள், அதற்கு முந்தி ஊர் விடாது. "இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே பிள்ளையின் நெஞ்சு மாதிரி கர்கர் என்று கேட்டது.

என் மகள் ஒரு பொட்டலத்தைப் பிடித்து நேரே வாயில் வைத்தாள். பூசாரி பிடுங்கிப் பிரித்தார்.

"செவப்பு! காருதான்!" ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. மற்ற பொட்டலத்தைப் பிரிக்கப் பூசாரி கையை நீட்டினார். நான் பாய்ந்து எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். "அதெல்லாம் எதுக்கு சாமி, அம்மனே சொல்லிட்டா."

வெளியே வந்தால், கோயில் மேட்டுக்குக் கீழே அந்தக் கார் நிற்கிறது! முன்னாலே மஞ்சள் குங்குமம் வைத்தாயிற்று. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. வேலுமணி பல்லைக் காட்டிக்கொண்டு கதவைத் திறந்து நிற்கிறான்.

"வாக்கு வர்றதுக்கு முந்தியே வண்டி எப்படி வந்துச்சு?"

"நேத்தே சொல்லி விட்டேனுங்க" என்றாள் காளியாயி. "வெரசா ஏறுங்க, டாக்டரம்மாகிட்டக் காட்டிட்டு வந்துரலாம்."

அவள் பிள்ளையோடு முன்னால் ஏறினாள். எனக்குப் பின்னால் இடம். கண்ணாடியை ஏற்றினார்கள். சொன்னது சொன்னபடி சத்தமே இல்லாமல் வண்டி நகர்ந்தது. பனி வெளியே நின்றுவிட்டது. உள்ளே கதகதவென்று இருந்தது. பிள்ளை கண் அசந்தது.

"அப்பாடி, என்ன வெதுவெதுப்பு" என்று காளியாயி தலையில் சுற்றியிருந்த கம்பளியை அவிழ்த்தாள்.

என் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் அவள் கொண்டை. கொண்டையில், இன்னும் பனி ஈரம் காயாமல், அந்த ஒற்றை வெள்ளை ரோசா.

மடியில் இருந்த பொட்டலத்தைக் கையால் பொத்திக்கொண்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேலுமணி அண்ணே, பின்கதவு சரியாச் சாத்தியிருக்கான்னு நீங்களே ஒருக்காப் பாத்துருங்க. அவரு சொன்னா நம்பாதீங்க."