பேட்டரி அண்ணனும் வைகை ஆறும்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தூக்கினவள். மறதியும் உண்டு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று மட்டும் துணிந்து சொல்வேன். எங்கள் பேட்டரி அண்ணனைப் பேசி ஜெயித்த ஆள் இலங்கை மடுல்சீமை மலையில் அன்றைக்கும் இல்லை, இனிமேல் பிறக்கப்போவதும் இல்லை.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிற ஐயாவுக்கு மட்டும்தான் தெரியும். தொண்ணூறுகளில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குக் கரண்டு வரவில்லை. இருந்த ஒரே ரேடியோ அண்ணனுடையது. தீர்ந்துபோன பேட்டரியைக் கூரைத் தகரத்தில் காயவைப்பார், பல்லால் ஒரு கடி கடிப்பார், திரும்பப் போடுவார். அது பயந்துபோய்ப் பாடும். மழை வந்தால் எங்கள் துணி நனையலாம், அவர் பேட்டரி நனையக்கூடாது.

தோட்டத்தில் அவருக்குத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற வேலை. ஆனால் பாட்டுக்குத் தீர்ப்புச் சொல்வதுதான் தன் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தார். கொழுந்து பறிக்கும்போது யாராவது ஒரு வார்த்தையை மாற்றிப் பாடிவிட்டால் போதும், அடுத்த மலையிலிருந்து சத்தம் வரும். "நிறுத்து புள்ள! பாட்டைக் கொல்லாத!"

அப்போது ஒரு சினிமாப் பாட்டு எல்லார் வாயிலும் இருந்தது. அந்தப் பாட்டில் வருகிற பெண் எப்போது வருவாளாம்? வைகையில் தண்ணீர் வந்தால் வருவாள் என்பார் அண்ணன். வைகாசி வந்தால் வருவாள் என்பார்கள் மற்றவர்கள்.

"வைகைன்னா என்னாண்ணே?"

"ஆறு. மதுரையில ஓடுது. நம்ம பதுளை ஓயாவ ஒம்பது தடவ போட்டா ஒரு வைகை."

"நீங்க பாத்தீங்களா?"

"எங்க பாட்டன் பாத்தாரு. அந்தக் கண்ணுதானடி எனக்கும்!"

ஒருநாள் சண்டை முற்றி, பறிப்பே நின்றுபோனது. கங்காணி கம்பைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார். "பாட்ட அப்புறம் பாக்கலாம், கொழுந்தக் கிள்ளுங்க!" என்று கத்திவிட்டு, நாலடி போய்த் திரும்பினார். "ஆனா அது வைகாசிதான்."

இப்படி இருக்கையில் என் மகள் செல்விக்குக் கொஸ்லந்தையிலிருந்து சம்பந்தம் வந்தது. நல்ல பையன். பரிசம் போட வந்தார்கள். வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் பாய் விரித்து, தட்டு மாற்ற எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. அண்ணன் ரேடியோவோடு வந்து நின்றார்.

"செல்விக்கு வாழ்த்துச் சொல்லி ரேடியோவுக்கு எழுதிப் போட்டிருக்கேன். இன்னைக்கு அந்தப் பாட்டுப் போடுறாங்க!"

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. "வைகாசிப் பாட்டா?"

"வைகைங்க."

"வைகாசிங்க."

"அட போங்க! கொஸ்லந்தைக் காதுக்கு அப்படித்தான் கேக்கும்!"

மாப்பிள்ளையின் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் மிஷின் பக்கத்திலேயே நின்று காது மந்தமாகிப்போனவர். யாராவது அதைச் சொல்லிக் காட்டினால் பொறுக்கமாட்டார். அண்ணனுக்கு அது தெரியாது. அந்த மனிதர் விருட்டென்று எழுந்தார்.

"செவிடன்னு சொல்லிட்டாங்கல்ல? பாட்டு வரட்டும். நான் சொன்னது தப்புன்னா, செவிடன் வீட்டுக்கு எதுக்குப் பொண்ணு? தட்ட எடுங்க, போயிருவோம்!"

அந்த நேரம் பார்த்து ரேடியோவில் செல்வியின் பெயர் வந்தது. பாட்டுத் தொடங்கியது. உள்ளறைக் காம்பராவுக்குள்ளே செல்வி விசும்புவது எனக்குக் கேட்டது. அண்ணனுக்கும் கேட்டிருக்க வேண்டும். சத்தத்தைக் கூட்டப்போகிறவர் மாதிரி பெட்டிப் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தார்.

பாட்டு நின்றது.

"பேட்டரி செத்துப்போச்சுங்க," என்றார்.

அன்றைக்கென்றே பதுளை டவுனுக்குப் போய் வாங்கிவந்த புதுப் பேட்டரி அது! பிரித்த உறைகூட அங்கேதான் கிடந்தது. நான் மெதுவாகக் காலை நீட்டி அதை மிதித்துக்கொண்டேன்.

"அப்ப பாட்டு?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"சம்பந்தி சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் என்ன, வைகையப் பாத்தவனா?"

அண்ணன் அப்படிப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. மாப்பிள்ளையின் அப்பா மீசையைத் தடவிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். "அப்படின்னா கல்யாணத்த வைகாசியிலயே வச்சிருவோம்!" எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தட்டு மாறியது.

அவர்கள் பஸ் ஏறிப் போனதும் அண்ணனுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். "புதுப் பேட்டரியாச்சே அண்ணே?"

"புதுசும் சாகும் தங்கச்சி," என்றார். ஒரு வாய் குடித்தார். "ஆனா அது வைகைதான்."

இதில் ஊர், வருஷம், முறை ஏதாவது தப்பாக இருந்தால் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திக்கொடுங்கள். அந்தப் பாட்டின் வார்த்தையை மட்டும் யாரும் தேடிப் பார்க்க வேண்டாம். எங்கள் சம்பந்தி இருக்கும்வரை வீட்டில் அது வைகாசிதான். நான் தனியாகப் பாடும்போது மட்டும் வைகை.