கிரேனுக்குக் கம்பெனி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலேயே மாத்திரைக்கு ஊறுகாய் தொட்டுக்கொண்ட ஒரே மனிதர் 'கிரேன்'தான். உலகத்திலேயே என்றும் எழுதுவேன், மறுப்பவர்கள் நிரூபிக்கட்டும்.

இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டியதால் அந்தப் பெயர். காசநோய்க்கு மாத்திரை தொடங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்கி, மறுபடி நிறுத்தியதில் சாதாரண மருந்துகளுக்குக் கிருமி மசியாமல் போனது. மிச்சம் இருந்தது, ஊசியும் கைநிறைய மாத்திரைகளுமாக இரண்டு வருட வைத்தியம். இதையும் விட்டால் கொடுக்க வேறு மருந்து கிடையாது. தினமும் புதுவாயலில் அவர் அறைக்குப் போய்க் கண்ணெதிரே விழுங்க வைப்பது, அரசு காசநோய்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த என் வேலை. கல்லூரி முடித்த சூட்டில், காசநோயை மாவட்டத்தை விட்டே துரத்தும் வேகத்தில் இருந்தேன்.

முன்பு ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"கம்பெனி இல்ல நைனா."

வேலை போன வருத்தம் என்று நினைத்து, அன்றே ஆலைக்கு ஓடினேன். மேலாளரிடம் மன்றாடி, குணமானதும் சேர்த்துக்கொள்வதாக வாக்கு வாங்கி வந்து பெருமையாகச் சொன்னேன். கிரேன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அந்தக் கம்பெனி இல்லபா. குடிக்கச்சொல்ல எதிர்ல குந்துவானுங்களே, அந்தக் கம்பெனி. இருமல்னதும் ஒருத்தனும் வர்ல. தனியா குந்திகினு சரக்கே எறங்காது, மாத்திர எப்டி எறங்கும்?"

டாக்டர் சொன்னதும் குடியை விட்டிருந்தார். குடிக்கும் முறையை விடவில்லை. மறுநாளிலிருந்து அறை வாசலில், திறந்த வெளியில், செய்தித்தாள் விரிப்பு, மாங்காய் ஊறுகாய், வேர்க்கடலை. நான் தள்ளி உட்கார்ந்து தண்ணீர் டம்ளரைத் தூக்கிக் காட்டினால்தான் முதல் மாத்திரை உள்ளே போகும். நடுவில் பழைய ஃபோர்மேனைத் திட்டுவார், அழுது புலம்புவார். எல்லாம் வெறும் தண்ணீரில். குமட்டினால், இன்றைக்கு ஓவராகிவிட்டது என்பார். ஊசியால் காதில் இரைச்சல் வந்தபோது மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "மில்லு என்ன அனுப்பிட்ச்சு, சத்தம் கூடவே வந்துட்ச்சுபா." டாக்டர் ஊசியை மாற்றினார். இரைச்சல் குறைந்ததே தவிர, போகவில்லை.

பக்கத்து அறைகளில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் அவர் வாசல் பக்கம் திரும்பவில்லை. மழையில் பஸ் தாமதமாகி ஒருநாள் மத்தியானம்தான் போனேன். ஊறுகாயில் எறும்பு மொய்த்திருந்தது. அவர் சாலையையே பார்த்தபடி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு வருடம் முடிந்தது. கடைசிச் சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை. இனி மாத்திரையே கிடையாது என்று நான் குதித்தேன். கிரேன் செய்தித்தாளை மெதுவாக மடித்தார்.

"அப்ப நாளைக்கு நீ வரமாட்ட?"

மறுநாள் எனக்குப் புதுவாயலில் ஒரு வேலையும் இல்லை. காலை பஸ்ஸில் அங்கேதான் இறங்கினேன்.