வாங்கு விறாந்து

அடிக்கடி வீடு மாறுகிறவனுக்குக் கடிதம் வந்து சேராது. பல வருடங்களாக அதைத்தான் நான் நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கனடாவுக்கு வந்த புதிதில் மில்லிக்கன் பக்கம் ஒரு வெயர்ஹவுசில் பெட்டி அடுக்கினேன். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், மைக்ரோவேவுக்கு யார் முந்தி என்று இரண்டு பேர் அடிபட்டார்கள். விலக்குப்பிடிக்கப் போன என் கையில் சாப்பாட்டுக் கரியர் இருந்தது. அது யாருடைய தலையில் பட்டது, எப்படிப் பட்டது என்பதில் இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. பொலிஸ் வந்து மூன்று பேருக்கும் வழக்கு எழுதியது. கோட்டுக்கு வரவேண்டிய தேதியை ஓர் அதிகாரி எனக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். நான் தலையாட்டினேன். (அந்த நாளில் நான் பேசிய ஆங்கிலத்தில் பாதி தலையாட்டல்தான்.)

அந்தத் தேதி வந்தபோது நான் லெமிங்ரனில் தக்காளி பிடுங்கிக்கொண்டிருந்தேன். பிறகு அல்பேர்ட்டாவில் மாட்டிறைச்சி வெட்டினேன். பிறகு பிறம்ரனில் லொறிக்குச் சாமான் ஏற்றினேன். அங்கே ஒரு மாரி முழுக்க ஒருவருடைய கராஜில் படுத்தேன். குளிர்தான், ஆனால் வாடகை இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான், இருந்த இடத்தில் இருக்கவும் தெரியாதவன். வழக்கு என்று ஒன்று இருந்ததையே மறந்துபோனேன்.

கடைசியில் மல்வேர்னில், துரைசிங்கம் அண்ணை வீட்டு பேஸ்மென்ற்றில் வந்து நின்றேன். நின்றதற்குக் காரணம் மெற்றில்டா. இரவு வேலை முடிந்து வந்தவள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் நித்திரையாகி என் தோளில் சாய்ந்தாள். அவள் இறங்கவேண்டிய தரிப்பைத் தவறவிட்டாள். நான் அன்றைக்கு வேலையையே தவறவிட்டேன்.

என் அறையில் இருந்த ஒரே தளபாடம் ஒரு வாங்கு. (பெஞ்சை எங்கள் ஆட்கள் வாங்கு என்றுதான் சொல்வார்கள். ஆனால் இதை நான் வாங்கவில்லை.) பக்கத்துப் பிளாசாவில் இழுத்து மூடின லோண்ட்ரி ஒன்றின் வாசலில் அநாதையாகக் கிடந்தது. நானும் துரைசிங்கம் அண்ணையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சொந்தக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, தூக்கி வந்தோம். அதுதான் என் கட்டில், அதுதான் சாப்பாட்டு மேசை. மெற்றில்டாவின் தகப்பன் சூசை அங்கிள் முதன்முதல் என்னைப் பார்க்க வந்தபோது, அவரையும் அதில்தான் இருத்தினேன். நான் எதிரே நின்றேன்.

அவர் மன்னார் ஆள். சத்தம் போடமாட்டார். மெதுவாகத்தான் வெட்டுவார்.

"தம்பி, நீர் நல்ல பெடியன்போலத்தான் கிடக்கு. ஆனால் ஆறு மாசத்துக்கு ஒரு வேலை, ஆறு மாசத்துக்கு ஒரு ஊர். உமக்கு நான் பிள்ளையைக் கட்டித் தாறதோ, தபாலிலை அனுப்புறதோ?"

"அங்கிள், நான் இனி ஒரு இடமும் போகமாட்டன்."

"அப்ப நிரந்தரமா ஒரு வேலை எடுத்துக்கொண்டு வாரும். பிறகு கதைப்பம்."

எடுத்தேன். ஸ்கூல் பஸ் ஓட்டுகிற வேலை. பயிற்சியும் முடிந்தது, சோதனையும் பாஸ். பொலிஸ் சான்று மட்டும் பாக்கி. அதற்கு விண்ணப்பித்த கொஞ்ச நாளில் ஒரு போன் வந்தது. பேசியவர் பொலிஸ். மரியாதையாகத்தான் பேசினார். அவர் சொன்னதில் எனக்கு விளங்கியது இரண்டே சொல்: பெஞ்ச், வொறன்ற்.

நான் அப்போது வாங்கில்தான் இருந்தேன். அப்படியே எழும்பி நின்றேன்.

மேலே ஓடினேன். துரைசிங்கம் அண்ணை ஊரில் கோட்டு வாசலில் சைக்கிள் பார்க் நடத்தியவர். ஆகையால் தனக்குச் சட்டம் தெரியும் என்று அவரே சொல்லுவார்.

"பெஞ்ச் எண்டால் என்ன?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

"வாங்கு."

"வொறன்ற் எண்டால்?"

"விறாந்து." (பிடியாணையை ஊரில் அப்படித்தான் சொல்வோம்.)

"அப்ப என்ன? வாங்கு விறாந்து! உந்த வாங்குக்கு விறாந்து போட்டிருக்கிறாங்களடா!"

"அண்ணை, தூக்கேக்கை நீங்களும் ஒரு பக்கம் பிடிச்சனீங்கள்."

அவருடைய முகம் ஒரு கணம் கறுத்தது. பிறகு சட்டம் கை கொடுத்தது. "நான் பின்னுக்கு வந்தனான். முன்னுக்குப் போனவன்தான் களவெடுத்தவன்."

தீர்ப்பையும் அவரே சொன்னார்: களவு போன சாமானை நேரே கொண்டுபோய் ஜட்ஜுக்கு முன்னால் வைத்துவிட்டால், மனிதர் இளகிவிடுவார். எனக்கு அது மிகவும் சரியாகப் பட்டது. (நான் எட்டாம் வகுப்பு என்பதை மேலே சொல்லிவிட்டேன்.) ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன். "சூசை அங்கிளுக்கு மட்டும் தெரியக்கூடாது அண்ணை. தெரிஞ்சால் கலியாணம் அவ்வளவுதான்."

"என்ரை வாயிலையிருந்து வராது" என்றார்.

அடுத்த நாள் காலை, வாங்கை அவருடைய காரின் கூரையில் கயிற்றால் கட்டினோம். நான்கு கால்களும் வானத்தைப் பார்த்தபடி இருக்க, நெடுஞ்சாலையில் டவுன்ரவுனுக்குப் போனோம். பக்கத்தில் போன ஒவ்வொரு காரிலும் ஆட்கள் என்னைக் குற்றவாளியாகப் பார்ப்பதாகவே எனக்குப் பட்டது. உண்மையில் அவர்கள் கயிறு அவிழப்போகிறதா என்று பார்த்திருக்கலாம்.

கோட்டு வாசலில் பைகளை ஒரு மெஷினுக்குள் விட்டுப் பார்க்கிறார்கள். காவலாளி மெஷினின் வாயைப் பார்த்தார். வாங்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஒரு விரலால் வெளியைக் காட்டினார்.

"நீ போ. நான் சான்றுப்பொருளுக்குக் காவலிருக்கிறன்" என்று துரைசிங்கம் அண்ணை அதில் ஏறி இருந்துகொண்டார்.

உள்ளே, வழக்கறிஞர் இல்லாதவர்களுக்கு இலவசமாக உதவி செய்ய ஒரு பிள்ளை இருந்தாள். இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை. என்னைக் கண்டதும் "சொல்லுங்கோ அங்கிள்" என்றாள். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. வொறன்ற்றைவிட அதுதான் நெஞ்சில் தைத்தது.

நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். லோண்ட்ரி, பிளாசா, முன்னுக்குப் போனது, பின்னுக்கு வந்தது. அவள் எழுதிக்கொண்டே வந்தாள். பிறகு எழுதுவதை நிறுத்தினாள். பிறகு பேனையை மூடினாள்.

"அங்கிள், வெயிற். பெஞ்ச் எண்டா ஜட்ஜ் இருக்கிற இடம். அதில இருந்து அவை போடுற வொறன்ற்தான் பெஞ்ச் வொறன்ற். நீங்க கோர்ட்டுக்கு வரேல்ல, அதுக்குத்தான் போட்டிருக்கு. உங்கட பெஞ்சைப் பற்றி ஒருத்தருக்கும் தெரியாது." கொஞ்சம் யோசித்தாள். "இப்ப எனக்குத் தெரியும். பிளீஸ், வேற ஒருத்தருக்கும் சொல்லாதீங்கோ."

கம்பியூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அடிபட்ட மற்ற இரண்டு பேருடைய வழக்கும் எப்போதோ கைவிடப்பட்டுவிட்டதாகச் சொன்னாள். என்னுடையது மட்டும் நான் வருவேன் வருவேன் என்று காத்துக்கொண்டு நிற்கிறதாம். நானாகச் சரணடைந்தால், அன்றைக்கே ஜட்ஜுக்கு முன்னால் கொண்டுபோவார்கள். வொறன்ற்றை இல்லாமல் செய்யக் கேட்கலாம்.

"அதுவரைக்கும் உள்ளுக்க இருக்கவேணும். பயமா?"

"ஹீற்றர் இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப சரி" என்றேன்.

என்னை அடைத்து வைத்த அறையிலும் ஒரு வாங்கு இருந்தது. இரும்பு, நிலத்தோடு சேர்த்து இறுக்கியது. இதைக் கழற்ற ஏலாது என்று கண்டதும் மனதுக்கு ஒரு பாதுகாப்பாக இருந்தது. அவர்கள் தந்த சான்விச்சைச் சாப்பிட்டுவிட்டு, கராஜைவிட நல்ல நித்திரை கொண்டேன்.

பின்னேரம் எழுப்பிக்கொண்டுபோய் ஜட்ஜுக்கு முன்னால் நிறுத்தினார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா. பக்கத்தில் எனக்காக ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். இவ்வளவு காலமும் எங்கே இருந்தீர் என்று ஜட்ஜ் கேட்டார். தக்காளி, மாடு, லொறி, கராஜ் என்று வரிசையாகச் சொன்னேன். அரச தரப்பு வழக்கறிஞர் எழும்பி, இந்த வழக்கை நடத்த விருப்பமில்லை என்றார். வொறன்ற் போய்விட்டது, வழக்கும் போய்விட்டது. அவ்வளவு சுகமாக.

"வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று ஜட்ஜ் கேட்டார்.

என் வழக்கறிஞர்ப் பிள்ளை என்னைப் பார்த்து இல்லை, இல்லை என்று பலமாகத் தலையாட்டினாள். யாராவது தலையாட்டினால் நானும் ஆட்டுவது என் பழக்கம். ஆட்டினேன், மேலும் கீழுமாக. ஆட்டிவிட்டபடியால் ஏதாவது சொல்லவேண்டியதாகப் போய்விட்டது.

"அம்மா, வாங்கு வெளியிலை நிக்குது."

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். ஜட்ஜ் தன் கதிரையை இடமும் வலமும் குனிந்து பார்த்தார்.

"பெஞ்ச் இங்கேதானே இருக்கிறது?" என்றார்.

என் வழக்கறிஞர் பைலால் முகத்தை மூடிக்கொண்டு, நான் போகலாமா என்று எனக்காகக் கேட்டாள். அந்தக் குரல் அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. போகலாம் என்றார்கள்.

துள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். வாங்கு நிறைய ஆட்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண், கழுத்து முழுக்கப் பச்சை குத்திய ஒரு பெடியன், துரைசிங்கம் அண்ணை. மற்ற அந்தத்தில், கோட் சூட் போட்டு, சூசை அங்கிள்.

"பிணைக்கு ஒரு ஆள் தேவைப்படுமெல்லோ" என்றார் துரைசிங்கம் அண்ணை, என் முகத்தைப் பார்க்காமல். "அதுதான் போன் எடுத்துச் சொன்னனான்."

சூசை அங்கிள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது அங்கிள். வழக்கே இல்லையாம். பஸ் வேலை கிடைச்சிடும்."

"ம்." வாங்கைக் கையால் தட்டினார். "அண்டைக்கு என்னை இதிலைதானே இருத்தினனீர்?"

"ஓம் அங்கிள்."

"களவெடுத்ததாம், உண்மையோ?"

என் கலியாணம் அந்தப் பலகையின் நுனியில் இருந்தது. பொய் ஒன்று நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அன்று காலையிலிருந்து ஒப்புக்கொண்டே பழகிவிட்டது.

"எடுத்ததுதான் அங்கிள்."

அவர் பலகையைத் தடவினார். காலொன்றை ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை.

"நல்ல மரம்" என்றார். பிறகு பச்சை குத்திய பெடியனைக் கொஞ்சம் நெருக்கித் தள்ளி இடம் விட்டார். "வாரும் மருமோன், இதிலை இரும்."

தம்பி மருமோன் ஆனது அந்த இடத்தில்தான். இருந்தேன். ஐந்து பேரையும் தாங்கியது.

அந்த லோண்ட்ரி இருந்த இடத்தில் பிறகு ஓர் இடியப்பக் கடை வந்தது. போய், வாங்கு உங்களுடையதா என்று கேட்டேன். "ஐயோ, அதைக் கொண்டுவந்து வைச்சிடாதேங்கோ" என்று கும்பிட்டார்கள். அது இப்போது எங்கள் ஹோலில், சோபாவுக்கு எதிரே இருக்கிறது. நான் பஸ் விட்டு வரப் பிந்தினால் மெற்றில்டாவிடமிருந்து இரண்டே சொல்லில் மெசேஜ் வரும்: வாங்கு விறாந்து.

இப்போது எனக்குக் கடிதங்கள் ஒழுங்காக வந்து சேர்கின்றன. சூசை மாமா வரும்போதெல்லாம் பெட்டியைத் திறந்து அவரே எடுத்து வருவார். சோபாவில் இருக்கமாட்டார். வாங்கில் இருந்து, கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, குசினியில் தேத்தண்ணி போடுகிற எனக்குக் கேட்கும்படியாகச் சொல்லுவார்:

"மருமோன், விறாந்து ஒண்டும் இல்லை. கரண்ட் பில்தான்."