முதலில் வந்த ஆள்

ரோட்டன்வால்ட் நகர மன்றத்தின் மூத்த உறுப்பினர் புர்க்ஹார்ட், புனித மார்ட்டின் திருநாளன்று முழு வாத்து ஒன்றைத் தின்று முடித்து மல்லாந்து படுத்தார். அன்றிரவு அவரை அமுக்குப்பேய் அமுக்கியது. மறுநாள் மன்ற எழுத்தர் வெண்டல் இதைப் பதிவேட்டில் ஏற்றும்போது, வாத்தைப் பற்றிய பகுதி அவசியமில்லை என்று அவனிடம் சொல்லப்பட்டது. விட்டுவிட்டான்.

பேய் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்தால் என்ன செய்வதென்று அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். கை கால் அசையாது. மனதுக்குள், "நாளைக்கு வா, ரொட்டி தர்றேன்" என்று சொல்லிவிட வேண்டும். பேய் இறங்கிப் போய்விடும். விடிந்ததும் அந்த வீட்டு வாசலுக்கு முதலில் வந்து எதையாவது கேட்கும் ஆள் யாரோ, அவர்தான் பேய். புர்க்ஹார்ட் முறைப்படி சொன்னார். விடிந்ததும் வந்தவள் துணி வெளுக்கும் இர்மல். மழையில் அவள் அடுப்பு அணைந்து போயிருந்தது. ஒரு கங்கு கேட்டாள்.

கங்கு தரவில்லை. கோபுரத்தில் அடைத்தார்கள். குற்றம் உறுதியானால் நகர வாசலுக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். வெளியே பனி. அடுத்த ஊர் இரண்டு நாள் நடை. இர்மலுக்கு அறுபது வயது. வெண்டலின் சட்டைகளைப் பதினோரு வருடமாக வெளுத்துத் தருபவள். அவனுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தத்தோடு, தெளிவான கையெழுத்தில் எழுதினான்.

வைத்தியர் லீன்ஹார்ட்டிடம் மன்றம் கருத்துக் கேட்டது. மூக்குமுட்டத் தின்றுவிட்டு மல்லாந்து படுத்தால் வயிறு நெஞ்சை அமுக்கும், ராத்திரியில் கஞ்சி குடித்து ஒருக்களித்துப் படுத்தால் போதும் என்றார் அவர். கருத்தில் மன்ற உறுப்பினர் ஒருவரின் வயிறு குறிப்பிடப்பட்டிருந்ததால் அது கோப்பில் சேர்க்கப்படவில்லை.

இர்மல் கோபுரத்தில் இருக்கும்போதும் புர்க்ஹார்டைப் பேய் அமுக்கியது. சாவித்துவாரம் வழியாக வெளியேறுகிறாள் என்று தீர்மானித்து, துவாரத்தை மெழுகால் அடைத்தார்கள். மறுபடியும் அமுக்கியது. இதற்குள் விஷயம் ஊரில் பரவி, பேய் பெரிய வீடுகளைத்தான் நாடுகிறது என்று ஆகிவிட்டதால், அமுக்கப்படாமலிருப்பது கௌரவக் குறைச்சலாயிற்று. மன்ற உறுப்பினர்கள் எல்லாரும் வரிசையாக அமுக்கப்பட்டார்கள். பிறகு துணி வியாபாரிகள். முட்டைக்கோஸ் சூப்பைத் தவிர வேறெதுவும் காணாத செருப்புத் தைப்பவர்கூடக் கண்ணுக்கடியில் கரியைத் தடவிக்கொண்டு வந்து, தேவாலயத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி பெருமூச்சு விட்டார். தன் வீட்டுக்காரரை இரண்டு பேய் சேர்ந்து அமுக்கியதாக அவர் மனைவி கிணற்றடியில் சொல்லிவைத்தாள்.

மன்றம் கவலையோடு கூடி ஆணை பிறப்பித்தது. அமுக்கப்பட்டவர் வீட்டுக்கு எழுத்தர் விடியலிலேயே நேரில் சென்று வாக்குமூலம் பெறவேண்டும். முதலில் வந்த ஆள் யார், என்ன கேட்டார் என்பதைப் பிழையின்றிப் பதிய வேண்டும். வெண்டல் பிழையில்லாமல் பதிந்தான்.

மூன்றாவது வாரம் விசாரணை. இர்மலிடம் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்கள்.

"துவாரத்தை அடைச்ச பிறகும் உங்கள அமுக்குச்சாமே, எசமான்?"

"அஞ்சு தடவை" என்றார் புர்க்ஹார்ட், கொஞ்சம் பெருமையாகவே.

"அந்த அஞ்சு நாளும் வாசலுக்கு மொதல்ல வந்தது யாரு?"

புர்க்ஹார்ட் திரும்பினார். "ஏம்பா வெண்டல், படிச்சுக் காட்டு."

வெண்டல் படித்தான். முதலில் வந்த ஆள்: மன்ற எழுத்தர். கேட்டது: உட்கார நாற்காலி. அடுத்த நாள், மன்ற எழுத்தர், நாற்காலி. வேறொரு வீடு, மன்ற எழுத்தர், நாற்காலியும் விளக்கும். இப்படிப் பதினெட்டுப் பதிவுகள்.

"நம்ம வெண்டலா? பார்த்தா அப்படித் தெரியலையே" என்றார் உறுப்பினர் ஒருவர்.

"பார்த்தா தெரியிறதுக்கு அது என்ன மாடாய்யா?" என்றார் இன்னொருவர்.

"நான் ஒரே ஒரு நாள் கங்கு கேட்டேன்" என்றாள் இர்மல். "தம்பி பதினெட்டு தடவை நாற்காலி கேட்டிருக்கு."

வெண்டலை நகரைவிட்டு வெளியேற்ற முடிவாயிற்று. வெளியேற்றும் ஆணையை எழுதும்படி வெண்டலிடம் சொன்னார்கள். அவனும் தேதியைப் போட்டு முதல் வரியை எழுதினான். அங்கே பேனா நின்றது. தான் போய்விட்டால் இந்த ஆணையைப் பதிவேட்டில் ஏற்ற எழுத்தர் இல்லை, ஏற்றப்படாத ஆணை செல்லாது என்று பணிவோடு தெரிவித்துவிட்டு, ஒரு சிறு திருத்தம் படித்தான்: 'மன்றப் பணியின் பொருட்டு வருபவர் ஆளாகக் கருதப்படமாட்டார்.'

எல்லாரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். உடனே நிறைவேற்றினார்கள்.

"அப்ப எனக்கும் ஒரு பணி குடுத்துடுங்க" என்றாள் இர்மல்.

மூன்று வாரமாக வெளுக்காத சட்டையின் கழுத்துப்பட்டி புர்க்ஹார்டை அரித்துக்கொண்டிருந்தது. மன்றத் துணி வெளுப்பாளர் என்ற பதவி உருவாக்கப்பட்டு, திருநாளுக்கு முந்தைய தேதியிலிருந்து அமலுக்கு வந்தது. மன்றப் பணியாளர் என்பதற்கு அடையாளமாக இர்மலுக்கு ஒரு செப்பு வில்லை கொடுத்தார்கள்.

அதன்பின் கங்கோ உப்போ சல்லடையோ கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போக விரும்பியவர்கள் அனைவரும் வில்லைக்கு மனுப் போட்டார்கள். கிறிஸ்துமசுக்குள் ஊரே அலுவலர்களாகிவிட்டது. ஆடு மேய்ப்பவர் மன்ற மேய்ச்சல் மேற்பார்வையாளர். செருப்புத் தைப்பவர் மன்றப் பாதுகை ஆய்வாளர். வைத்தியர் மட்டும் வாங்கவில்லை. நாடி பிடிக்க விரல் போதும் என்று சிரித்தார். இர்மல் இரண்டு முறை வீடு தேடிப் போய்ச் சொல்லியும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்த வாரம் புர்க்ஹார்ட் ஒரு பன்றித்தொடையைத் தனியாக முடித்தார். விடிவதற்குள் மூச்சு இழுத்தது. அவர் மனைவி ஆளனுப்பினாள். லீன்ஹார்ட் ஓடிவந்தார். வெந்நீர் கேட்டார். உப்பைக் கரைத்துப் புகட்டி வாந்தியெடுக்க வைத்து, உயிரைக் காப்பாற்றினார். பேச்சு வந்ததும் புர்க்ஹார்ட் முதல் காரியமாக எழுத்தரைக் கூப்பிட்டார்.

வெண்டல் எழுதினான். முதலில் வந்த ஆள்: லீன்ஹார்ட். கேட்டது: வெந்நீர்.

நகர வாசலில் ஆணையைப் படிக்க வெண்டல்தான் போனான். இர்மல் வைத்தியரின் சட்டைகளை வெளுத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வில்லை வாங்கிக்கோங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே, வைத்தியரே."

"நான்தான் பேய்னு நீங்க நம்புறீங்களாம்மா?"

"நம்புறதுக்கு நான் யாரு? நான் ஆளே இல்லையே."

அவர் வெண்டலைப் பார்த்தார். வெண்டல் ஆணையைச் சுருட்டிக்கொண்டிருந்தான். கதவைச் சாத்தினார்கள்.

பேய் தொலைந்ததைக் கொண்டாட அன்று மாலை புர்க்ஹார்ட் வீட்டில் வாத்து விருந்து. மறுநாள் விடியலில் வெண்டலுக்கு அழைப்பு வந்தது. போனான். நாற்காலி கேட்டான். 'முதலில் வந்த ஆள்: யாருமில்லை' என்று எழுதினான். வாத்தைப் பற்றி, இந்த முறை யாரும் சொல்லாமலேயே, விட்டுவிட்டான்.