அக்கூவுக்கு மூச்சு வாங்குகிறது

"அந்த ரம்பத்தை நிறுத்தும்" என்றாள் செர்வா.

தச்சர் அடோமாக்கோ ரம்பத்தை நிறுத்தினார். சத்தம் நிற்கவில்லை. கர்ர்... கர்ர்... என்று முற்றத்தின் மறுமூலையிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

"நான் நிறுத்திட்டேனே" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"அது என் அக்கூ. மூச்சு விடுது. ரம்பத்துக்கும் கிளி மூச்சுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குக் கொண்டுவந்து விட்டுட்டீரே, நீர் நல்லா இருப்பீரா?"

குமாசி நகரில் சந்தைக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் ஒரு முற்றம், நாலு அறைகள். ஓர் அறையில் வீட்டுக்காரி செர்வா. மற்ற மூன்றில் மனைவியை இழந்த அடோமாக்கோ, மீனைப் புகைபோட்டு விற்கும் பிராகோ, பகலெல்லாம் தூங்கும் காவல்காரன் இஸ்ஸா. மாமரக் கிளையில் தொங்கிய கூண்டில் அக்கூ. சாம்பல் உடம்பு, சிவப்பு வால், முப்பத்தொரு வயது. கல்யாணமான புதிதில் செர்வாவின் புருஷன் வாங்கிவந்தது. அவர் போய்ச் சேர்ந்து பதினெட்டு வருஷமாகிறது. பிள்ளைகள் இல்லை. செர்வா மனம்விட்டுப் பேசுவது அந்தக் கூண்டோடு மட்டும்தான். அது செத்துவிட்டால் அந்த வீட்டில் அவளுக்குத் திட்டுவதற்கு ஆள் இருக்கும், பேசுவதற்கு ஆள் இருக்காது.

செர்வாவுக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். இப்போது ஒரு வாரமாக அவளுக்கு ரொம்பப் பயம்.

"எல்லாம் உம்ம மரத்தூள். போதாததுக்கு வடக்குக் காத்து வேற புழுதியை வாரிக் கொட்டுது. இன்னையிலேருந்து உம்ம வேலையெல்லாம் தெருவுல."

"தெருவுல வெயிலும்மா."

"தொப்பி போட்டுக்கும்."

அடோமாக்கோ பலகைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார். அவர் வேலை செய்வதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. கூட்டத்தைப் பார்த்து வேர்க்கடலை விற்பவள் வந்தாள். அவளுக்காக வண்டிகள் நின்றன. நின்ற வண்டிகள் கிளப்பிய தூசி முழுக்க மதிலேறி மாமரத்துக்கு வந்தது. மூன்றாம் நாள் அக்கூவின் மூச்சில் கர்ர் போய், கொதிக்கிற கெண்டியைப் போல ஒரு விசில் வந்துவிட்டது.

செர்வா பிராகோவின் பக்கம் திரும்பினாள்.

"உன் மீன் புகைதான்டி."

"பதினஞ்சு வருஷமா இந்தப் புகையை நான் குடிக்கிறேன். எனக்கு மூச்சு வாங்குதா?"

"நீ பேசற வேகத்துக்கு ஊருக்கே மூச்சு வாங்குது. அடுப்பைத் தூக்கு."

அடுப்பு மதிலுக்குப் பின்னால் போனது. அங்கே காற்று வேறு பக்கம் அடித்தது. புகை நேராகச் செர்வாவின் ஜன்னலுக்குள் புகுந்தது. அவள் இருமினாள். புகை படாமலிருக்க, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கட்டும் துணியால் கூண்டை மூடினாள். உள்ளே காற்றில்லாமல் அக்கூ கழுத்தை நீட்டி வாயைப் பிளந்தது. சளிக்குத் தடவும் தைலத்தை அதன் நெஞ்சில் தடவினாள். அக்கூ பதினோரு முறை தும்மி, ஒன்பது இறகுகளை உதிர்த்து, அவள் கட்டைவிரலைக் கடித்தது.

ரத்தம் சொட்டும் விரலோடு செர்வா முற்றத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"இது நோயில்ல. யாரோ செய்யறீங்க. ஏன் செய்யறீங்கன்னும் எனக்குத் தெரியும்."

அது எல்லோருக்குமே தெரிந்த காரணம்தான். பிராகோ பழைய மீனைப் புது மீனோடு கலந்தது, இஸ்ஸா வேலைக்குப் போன இடத்தில் நாற்காலி போட்டுத் தூங்கியது, அடோமாக்கோ தண்ணீர்ப் பீப்பாயை உடைத்துவிட்டு விரிசலைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தது, எல்லாம் மறுநாள் காலை முற்றம் பெருக்கும்போது செர்வா வாயிலிருந்து உரக்க வந்துவிடும். "எப்படித் தெரியும்?" என்று கேட்டால், "அக்கூ சொல்லிடுச்சு" என்பாள். ஒரு கிளியை வைத்துக்கொண்டு அவள் அந்த வீட்டை ஆண்டாள்.

"இனிமே கூண்டு ஒவ்வொருத்தர் ரூம்லயும் ரெண்டு ரெண்டு நாள் இருக்கும். யார் ரூம்ல அதுக்கு ஏதாவது ஆகுதோ, அவங்க பாயைச் சுருட்டிக்கிட்டுப் போயிடணும்."

கூச்சல் கிளம்பும் என்று எதிர்பார்த்தாள். ஆனால் பிராகோ முதல் முறைக்குத் தானே கையைத் தூக்கினாள். அடோமாக்கோ தன் முறை வந்தபோது துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து கூண்டை வாங்கிப்போனார். அது செர்வாவை இன்னும் எரிச்சல்படுத்தியது.

"கிளிக்குத்தானே காவல்? என்னவோ மாப்பிள்ளை மாதிரி வரீர்?"

"நோயாளியைப் பாக்கப் போறோம்ல, சுத்தமா இருக்கணும்மா" என்றார் அடோமாக்கோ தரையைப் பார்த்துக்கொண்டு.

ஆறு நாள் கழித்துக் கூண்டு திரும்பி வந்தது. அக்கூவால் குச்சியில் ஏற முடியவில்லை. கூண்டின் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் வாலை மேலும் கீழும் ஆட்டியது. செர்வா அன்று யாரையும் திட்டவில்லை. அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பயந்துபோய் மிருக வைத்தியர் அல்ஹசனைக் கூட்டிவந்தார்கள்.

அல்ஹசன் மூக்கைப் பார்த்தார், நெஞ்சில் காது வைத்தார், எச்சத்தைக் கிளறினார். பிறகு பிராகோவின் மீன் தராசைக் கேட்டு வாங்கி அக்கூவை அதில் உட்காரவைத்தார்.

"அறுநூத்தம்பது கிராம். நானூத்தம்பது இருந்தாலே இதுக்கு அதிகம்."

"என்ன வியாதி?"

"கொழுப்பு."

"யாருக்கு?"

"பறவைக்கும்மா. உள்ளேயிருந்து மூச்சுப் பையை அமுக்குது. எண்ணெய் எடுக்கிற செம்பனைக் கொட்டை குடுக்கறீங்களா?"

"ஞாயித்துக்கிழமை ஒண்ணே ஒண்ணு."

"இது தினமும் இருபது தின்னிருக்கு. வயசான பறவை. நிறுத்தலைன்னா மழைக்காலம் வரைக்கும் தாங்காது."

வைத்தியரை அனுப்பிவிட்டு, செர்வா உள்ளே போய் ஒரு முட்டையோடு வந்தாள்.

குமாசியில் முட்டையைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் கோபமாக நின்றால், அது சமையலுக்கில்லை. ஆற்றங்கரையில் அதை உடைத்துச் சபித்தால், குற்றவாளி எந்தக் கதவுக்குப் பின்னால் ஒளிந்தாலும் ஆற்றுத் தெய்வம் தேடிக்கொண்டு வரும். செர்வா தேவாலயப் பாட்டுக்குழுவில் முதல் வரிசையில் நிற்பவள். அவளே முட்டையைத் தூக்கிவிட்டாள் என்றதும் பிராகோவின் முகம் வெளுத்தது. ஐந்து வேளை தொழும் இஸ்ஸாகூடத் தூக்கம் கலைந்து இரண்டு அடி பின்வாங்கினான்.

"கொட்டை குடுத்தது யாரு? பேர் வந்தா இதைப் பொரிச்சுத் தின்னுடுவேன். வரலைன்னா நேரா ஆத்துக்குத்தான்."

"நான் ஒண்ணு ரெண்டு..." என்றாள் பிராகோ.

இஸ்ஸாவும் ஆமென்று தலையை ஆட்டினான்.

"நீர்?"

"நானும்தான்" என்றார் அடோமாக்கோ. "கொஞ்சம் அதிகமா."

செர்வா கணக்குப் போட்டுப் பார்த்தாள். மூன்று பேரும் சேர்ந்துதான். அதன் வாயில் கொட்டையைத் திணித்துவிட்டால் கோள் சொல்ல வாய் இருக்காது என்றுதானே இவ்வளவும். வாயை நிறைத்து நிறைத்து மூச்சையும் நிறைத்துவிட்டார்கள்.

திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். கையிலிருந்த முட்டையைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அக்கூ செர்வாவிடம் ஒரு நாளும் கோள் சொன்னதில்லை. "வா, சாப்பிடு" என்பதைத் தவிர அவள் முன்னால் அது எதுவும் பேசியதே இல்லை. அத்தனை சேதிகளையும் செர்வா தானே ஒவ்வொரு ஜன்னலுக்கும் கீழே முழங்கால் வலிக்க நின்று கேட்டுக்கொண்டு, பழியைப் பறவை மேல் போட்டாள். முட்டையை இப்போது உடைத்தால் ஆறு முதலில் யார் கதவைத் தட்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சும்மா இருந்தால் இவர்கள் கொட்டை போடுவதை நிறுத்தப்போவதில்லை. உண்மையைச் சொன்னால் நாளையிலிருந்து அந்த முற்றத்தில் அவளுக்கு ஒருவரும் பயப்படப்போவதில்லை.

அக்கூ விசிலடித்து ஒரு மூச்சு இழுத்தது.

"கேட்டுக்குங்க. ஒரு தடவைதான் சொல்வேன்." செர்வா முன்னைவிடக் கோபமாகத்தான் பேசினாள். "இந்தப் பறவைக்கு ஒரு மண்ணும் தெரியாது. உன் பழைய மீனையும் இவனோட நாற்காலியையும் உம்ம பீப்பாயையும் நான்தான் ஜன்னலுக்குக் கீழ நின்னு கேட்டேன். நான்தான். திட்டணும்னா என்னைத் திட்டுங்க. அதோட வாயை அடைக்காதீங்க, அது வாழட்டும்."

யாரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஜன்னல் கதை தெரியும்மா" என்றாள் பிராகோ. "நீங்க வந்து நின்னா ரூமே இருட்டாயிடும்."

"தெரியுமா? தெரிஞ்சும் எதுக்குடி அதோட வாயை அடைச்சீங்க?"

பிராகோ உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடோமாக்கோவுக்குத் திடீரென்று ஒரு பலகையில் ஆணியடிக்கும் அவசரம் வந்துவிட்டது. வந்து ஏழு வருஷத்தில் அந்த வீட்டில் பத்து வார்த்தைகூடப் பேசியிராத இஸ்ஸா, முன்னால் வந்து அவள் கையிலிருந்த முட்டையைப் பத்திரமாக வாங்கிக்கொண்டான்.

"நாங்க வாயை அடைக்கலேம்மா, திறக்க வெச்சோம்: நீங்க அதுகிட்ட தனியா சொல்ற சேதியை அது எங்ககிட்ட சொல்லும், சேதி ஒண்ணுக்கு ஒரு கொட்டைன்னு வாங்கிக்கும், நானும் பிராகோவும் புதுசு புதுசாத்தான் கேட்டோம், அடோமாக்கோதான் அவரைப் பத்தி நீங்க சொன்ன அந்த ஒரே சேதியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கொட்டைக் கூடையைக் காலி பண்ணிட்டாரு."