நாற்காலிக்கு மட்டும் அனுமதி

அந்த ஆண்டு அலுவலகங்களுக்குப் பெண்ணியம் வந்திருந்தது. முந்தைய ஆண்டு மரம் நடுதல் வந்து, நட்டவர்கள் படம் எடுத்துக்கொண்டதும் போய்விட்டது. இந்த முறை வந்ததை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடக் கூடாது என்று நகரசபையின் கலைப்பிரிவு அதிகாரி உறுதி பூண்டார். சட்டையில் ஊதா நாடா ஒன்றைக் குத்திக்கொண்டார். பெண்ணை வெறும் உடம்பாகப் பார்க்கும் இழிநிலையை ஒழிக்க நகரசபை அரங்கில் நாடகம் ஒன்று நடத்தப்படும் என்று அறிவித்தார்.

அப்படியொரு நாடகத்தை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தவள், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த ஒருத்தி. தெருவில் அவளைக் கண்ணாடிக்காரி என்பார்கள். உயரம் குறைவு, அகலம் தாராளம். வீட்டில் படம் எடுக்கும்போதெல்லாம், "நீ பின்னாடி போய் நில்லும்மா" என்பாள் அம்மா. குள்ளமான ஆளைக் கடைசி வரிசையில் நிறுத்தும் வழக்கம் உலகத்திலேயே அந்த வீட்டில் மட்டும்தான் இருந்தது. அண்ணன் கல்யாணப் படத்தில் அவளுக்கு நெற்றி மட்டும் விழுந்தது. தங்கை கல்யாணத்தில் அதுவும் இல்லை. "எல்லாம் உன் நல்லதுக்குத்தான், அகலம் தெரியாம இருக்கும்ல" என்று அம்மா சமாதானம் சொன்னாள்.

நாடகத்தில் ஒரே பாத்திரம். ஒரு பெண் மேடையின் நடுவில் வந்து நிற்பாள். "பாருங்க. நல்லாப் பாத்துக்கங்க. பாத்து முடிச்சதும் சொல்லுங்க, நான் பேச ஆரம்பிக்கறேன்" என்பாள். அதுதான் முதல் வசனம். முழு வெளிச்சத்தில், முன்னால் யார் தலையும் மறைக்காமல், அதை ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். கண்ணாடிக்காரிக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

ஒத்திகை பார்க்க அதிகாரியும் உதவி அதிகாரியும் வந்தார்கள். பார்த்து முடித்து அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அற்புதம்மா. ஒரே ஒரு சின்ன சங்கடம். மேடையில நிக்கும்போது உங்க உடம்பு தெரியுது."

"உடம்பு இல்லாம எப்படி சார் நிக்கறது?"

"அதத்தான் நாங்களும் யோசிச்சுக்கிட்டிருக்கோம்."

பெண்ணின் உடம்பைப் பார்க்கக் கூடாது என்று சொல்லும் நாடகத்தில், பார்ப்பதற்கு ஓர் உடம்பை நகரசபையே ஏற்பாடு செய்து தருவது முறையா? தருக்கத்தில் ஓட்டை இல்லை. எனவே அவளுக்குக் கழுத்திலிருந்து கால்வரை கறுப்பு அங்கி தைக்கப்பட்டது. அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது உதவி அதிகாரி நெளிந்தார்.

"உள்ள என்ன இருக்கும்னு யோசிக்கத் தோணுது சார். முன்ன இவ்ளோ தோணல."

அங்கி திரும்பப் பெறப்பட்டது. அடுத்து, அவள் ஒரு திரைக்குப் பின்னால் நின்று பேசுவதாக முடிவாயிற்று. விளக்கைப் போட்டதும் திரையில் நிழல் விழுந்தது. அதிகாரி கிட்டே போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், கடமை காரணமாக மறுபடி கிட்டே போய்ப் பார்த்தார்.

"நிழலுக்கு இடுப்பு இருக்கேம்மா."

"எல்லா நிழலுக்கும் இருக்கும் சார்."

"இருக்கலாம். நகரசபை மேடையில இருக்கக் கூடாது."

சரி, குரல் மட்டும் வரட்டும் என்றார்கள். குரலைக் கேட்டால் முகம் எப்படியிருக்கும் என்று கற்பனை ஓடுவதாகவும், கற்பனை தம் கட்டுப்பாட்டில் இல்லை என்றும் உதவி அதிகாரி ஒப்புக்கொண்டார். கடைசியில் அதிகாரி தொண்டையைச் செருமினார். வசனம் முழுவதும் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"பெண்களோட வலிய ஒரு ஆம்பள சொன்னாத்தான் நாலு பேர் காது குடுத்துக் கேப்பாங்க. ஓரமா நின்னு நானே வாசிச்சுடறேன். நடுவுல ஒரு நாற்காலி இருக்கட்டும். பெண் அதுல உக்காந்திருக்கறதா சபை பாவிச்சுக்கணும்."

"அப்ப நான்?"

"நீங்க பின்னாடி நின்னு நாற்காலியப் பாத்துக்கங்க."

மேலிடத்து அனுமதியும் அப்படியே வந்தது. மேடையில் ஓர் ஆண் குரல், ஒரு நாற்காலி. வேறு எதற்கும் அனுமதி இல்லை. கண்ணாடிக்காரிக்கு அழுகை வந்தது. அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, நாற்காலி எடுக்க அரங்கத்துச் சாமான் அறைக்குப் போனாள்.

அங்கே இரண்டு இருந்தன. கை வைத்த அகலமான நாற்காலி ஒன்று, மெல்லிய கால்களோடு ஒன்று. அரங்கக் காவலாளி எது வேண்டும் என்று கேட்டார்.

"அந்த ஒல்லியா இருக்கறது. மேடைக்கு எடுப்பா இருக்கும்."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. ஒல்லி நாற்காலியை வைத்துவிட்டு, அகலமானதைத் தானே தரதரவென்று மேடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

திரை விலகியது. ஓரத்தில் அதிகாரி ஒலிவாங்கியைப் பிடித்து, "நான் ஒரு பெண்..." என்று கனத்த குரலில் தொடங்கினார். கண்ணாடிக்காரி பின்னாலிருந்து வந்தாள். நேராக நடந்து போய் அகல நாற்காலியில் நிறைவாக உட்கார்ந்தாள். வெளிச்சம் முழுவதும் அவள்மேல் விழுந்தது.

முன்வரிசையிலிருந்து அம்மா கிசுகிசுத்தாள். அவள் கிசுகிசுப்பு எப்போதும் தெருக்கோடிவரை கேட்கும்.

"நேரா உக்காருடி! வயிறு தெரியுது, உள்ள இழு!"

அரங்கம் மொத்தமும் வயிற்றை உள்ளே இழுத்தது. ஆண், பெண், கிழம், குமரி பாக்கியில்லை. சொன்ன அம்மாவும் இழுத்துக்கொண்டாள். அதிகாரி இழுத்த இழுப்பில் அடுத்த வரி வாசிக்க மூச்சு வரவில்லை. பழக்கதோஷத்தில் கண்ணாடிக்காரியும் இழுத்தாள். ஆனால் வசனம் பேச மூச்சு வேண்டுமே. விட்டுவிட்டாள்.

"பாருங்க. நல்லாப் பாத்துக்கங்க" என்று ஆரம்பித்து, நாடகத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

நாற்காலிக்கு மட்டும் அனுமதியுள்ள மேடையில் பெண் வந்தது எப்படி என்று மறுநாளே மேலிடம் கேட்டது. அதிகாரிக்கு வேலை போய்விடும்போல் இருந்தது. யோசித்துப் பதில் சொன்னார்: பெண் யாரும் வரவில்லை; மேற்படி நாற்காலிக்கு மெத்தை போடப்பட்டிருந்தது. பதில் திருப்திகரமாக ஏற்கப்பட்டது. மெத்தை எப்படிப் பேசியது என்று கேட்க விதியில் இடமில்லை. அந்த ஆண்டின் சிறந்த மேடைச் சாமானுக்கான பரிசும் அந்த நாற்காலிக்கே கிடைத்தது.

பரிசளிப்பில் நாற்காலியை நடுவில் வைத்துப் படம் எடுக்க எல்லோரும் கூடினார்கள். படக்காரர் கண்ணாடிக்காரியைப் பார்த்தார்.

"நீங்க பின்னாடி வரிசைக்குப் போங்கம்மா."

"பரிசு மெத்தை போட்ட நாற்காலிக்குங்க. மெத்தை இல்லாம எடுத்தா செல்லுமான்னு அதிகாரி சாரையே கேளுங்க."

அதிகாரி யோசித்தார். செல்லாது. அவள் நடுவில் உட்கார்ந்தாள். பின்னால் அதிகாரிகள் வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சைப் பிடித்து, சிவந்த முகங்களோடு நின்றார்கள்.

அம்மா அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டினாள். மகள் முழுதாக விழுந்த முதல் படம். பார்க்கச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். அத்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய், ரொம்ப நேரம் பார்த்தாள்.

"படம் நல்லாத்தான் இருக்கு. நாற்காலிதான், இன்னும் கொஞ்சம் ஒல்லியாப் பாத்து எடுத்திருக்கலாம்."

"அதத்தான் நானும் சொன்னேன்" என்றாள் அம்மா.