காற்றின்மேல் பழி போட்ட சாம்பியன்

ஜெயித்தால் "நான் அடிச்சேன்", தோற்றால் "பந்து போயிடுச்சு" என்று சொல்கிற ஓர் இனம் உண்டு. வெற்றி மட்டும்தான் அவர்கள் கை செய்த காரியம். தோல்வி தானாக நிகழ்வது, மழை மாதிரி.

வீட்டிலும் அலுவலகத்திலும் இவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் இந்த இனத்தின் முழு வளர்ச்சியைக் காண நம் கோல்ஃப் சாம்பியனிடம்தான் வர வேண்டும். லேசுப்பட்ட ஆளில்லை. கோப்பை வைக்க வீட்டில் இடமில்லாமல், ஒன்றில் மனைவி குடைகளைச் சொருகி வைக்கிற அளவுக்கு ஜெயித்தவர். தோற்ற ஆட்டங்களோ காற்றும், ஈரப்புல்லும், யாரோ மிட்டாய் உறை பிரித்த சத்தமும், ஓட்டல் தலையணையும் கூடிச் சதி செய்து தோற்கடித்தவை. எதுவும் அகப்படாத நாளில்? இருக்கவே இருக்கிறார் மச்சினன், மட்டைப் பையைச் சுமந்து கூடவே நடக்கும் மனைவியின் தம்பி.

"ஏன்டா இப்படி மூச்சு விடற? குழிகிட்ட போன பந்து திரும்பிடுச்சு பார்!"

மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கப் பழகினார் மச்சினன்.

அந்த வருடத்தின் பெரிய போட்டி. கடைசிக் குழி ஒரு முழத் தூரத்தில். உள்ளே தள்ளினால் கோப்பை. சாம்பியன் தள்ளினார், பந்து குழியின் விளிம்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே நின்றது. ஆட்டம் சமம். இன்னொரு குழி ஆடித்தான் முடிவு.

"உன் நிழல் விழுந்துச்சுடா!"

மச்சினன் அண்ணாந்து மேகத்தைப் பார்த்தார். "மாமா, இன்னிக்கு வெயிலே அடிக்கல." பையை மெதுவாக இறக்கினார். "எங்கிட்ட மிச்சம் இருந்தது அந்த நிழல்தான். அதையும் எடுத்துட்டுப் போறேன்."

போய், பார்வையாளர் வரிசையில் இருந்த அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

சாம்பியன் தன் பையைத் தானே சுமந்து போய் அடித்தார். பந்து நேராகக் குளத்தில் விழுந்தது. பழக்கதோஷத்தில் சுற்றிப் பார்த்தார். காற்று இல்லை. புல் காய்ந்திருந்தது. கூட்டம் மூச்சுவிடவில்லை. பக்கத்தில் ஆளே இல்லை.

தோற்று வந்தவரிடம் நிருபர் ஒலிவாங்கியை நீட்டினார். "என்ன சார் ஆச்சு?"

"பந்து..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். பிறகு சிரித்துவிட்டார். "நான்தாங்க தண்ணியில அடிச்சேன். அதுக்கு முன்னாடி கோட்டை விட்டதும் நான்தான். பாவம், மச்சினன் மேல பழி போட்டேன்."

பையைச் சுமந்துகொண்டே மச்சினனிடம் போனார். "வாடா."

"வரேன் மாமா. ஆனா மூச்சு விடுவேன்."

"தாராளமா விடு."

திருந்திவிட்டாரா? அடுத்த போட்டியிலும் தோற்றார். "நான்தான் தப்பா அடிச்சேன்" என்றார் பெருந்தன்மையாக. "அப்படி அடிக்க வெச்சது புது ஷூ."

இதைப் படித்ததும் உங்கள் மேலதிகாரியோ சம்பந்தியோ நினைவுக்கு வந்து, "அப்படியே அவரேதான்!" என்று துள்ளினீர்களா? கொஞ்சம் நிதானியுங்கள். அடுத்தவர் முகம் முதலில் தெரிவதுதான் இந்த நோயின் முதல் அறிகுறி.

கட்டுரை ரசிக்கவில்லை என்கிறீர்களா? அதற்கு நான் என்ன செய்ய? நீங்கள் படிக்கிற வெளிச்சம் சரியில்லை.